செலக்‌ஷன் வரைக்கும் ஷூ தாங்குமா? - ஓடுபவர்களுக்கான 500 கிலோமீட்டர் கணக்கு!

நெய்வேலியைச் சுற்றியிருக்கும் ஊர்களில் நீங்கள் இருந்தால் இந்தக் காட்சி புதிதில்லை. முத்தாண்டிக்குப்பம் பக்கம், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே போகும் சாலை. விடிந்தும் விடியாத நேரம். செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு நாலைந்து பேர் ஓடுவார்கள். யாரும் மாரத்தானுக்காக ஓடவில்லை, தொப்பையைக் குறைக்கவும் ஓடவில்லை. ஒருவருக்கு போலீஸ், ஒருவருக்கு ராணுவம், இன்னொருவருக்கு மத்தியப் படை. எல்லோருக்கும் பொதுவான ஒரே வார்த்தை, 'பிசிக்கல்'.

போலீஸ் தேர்வு என்றால் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். எஸ்.எஸ்.சி ஜி.டி தேர்வில் ஆண்களுக்கு 24 நிமிடத்தில் 5 கிலோமீட்டர், பெண்களுக்கு எட்டரை நிமிடத்தில் 1.6 கிலோமீட்டர். அக்னிவீருக்கும் 1.6 கிலோமீட்டர் ஓட்டம் உண்டு. எழுத்துத் தேர்வில் எவ்வளவு மார்க் எடுத்திருந்தாலும் சரி, இந்தச் சில நிமிடங்களில் கோட்டை விட்டால் வீட்டுக்குத்தான்.

இதற்குத் தேவைப்படும் ஒரே கருவி ஷூ. அந்த ஷூதான் சரியாக பிசிக்கலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது காலை வாரிவிடும். முன்னால் வாயைப் பிளக்கும், இல்லையென்றால் கெண்டைக்காலில் வலி ஆரம்பிக்கும். 'போன தீபாவளிக்குத்தானே வாங்கிக் குடுத்தோம், அதுக்குள்ள இன்னொண்ணா?' என்ற கேள்விக்கு வீட்டில் என்ன பதில் சொல்வது? முந்திரிக்கொட்டை உடைத்து வரும் கூலியில் ஒரு ஜோடி ஷூ என்பது பெரிய தொகை.

இதற்கு நடுவே, ஷூ பற்றிய செய்திகளும் வந்துகொண்டே இருக்கின்றன. 'வரி குறைஞ்சிடுச்சு' என்கிறார்கள். 'நம்ம பக்கத்துலயே ஷூ கம்பெனி வருது' என்கிறார்கள். இதெல்லாம் ஓடுகிற உங்களுக்கு என்ன லாபம் தருகிறது, உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு ரூபாய் கூடினால் 326 ரூபாய்!

2025 செப்டம்பர் 22-ம் தேதி ஜி.எஸ்.டி விகிதங்கள் மாறின. அதற்கு முன்பு 1,000 ரூபாய் வரையிலான காலணிக்கு 12 சதவிகிதம், அதைத் தாண்டினால் 18 சதவிகிதம். இப்போது 2,500 ரூபாய் வரைக்கும் 5 சதவிகிதம்தான். அதற்கு மேல் போனால் பழைய 18.

வரிக்கு முன்னால் 2,000 ரூபாய் விலையுள்ள ஒரு ஷூவை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு அதற்கு 2,360 ரூபாய் கொடுத்திருப்பீர்கள். இப்போது 2,100. ஆக, 260 ரூபாய் மிச்சம். ஊர்ப்பக்கம் பசங்க வாங்கும் ஷூக்கள் பெரும்பாலும் இந்த விலைக்குள்தான் அடங்கும் என்பதால், இது நிஜமான சலுகைதான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால், எல்லையைத் தாண்டும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. வரிக்கு முன் சரியாக 2,500 ரூபாய் என்றால் பில் 2,625. அதுவே 2,501 ஆகிவிட்டால் பில் 2,951. ஒரு ரூபாய் விலை கூடியதற்கு 326 ரூபாய் கூடுதல்! வரி, பெட்டியில் அச்சடித்த விலைக்குப் போடப்படுவதில்லை, விற்கும் விலைக்குத்தான். எனவே கொஞ்சம் நல்ல ஷூ வாங்க நினைப்பவர்கள், தள்ளுபடியில் அது 2,625-க்குள் வரும் நாளுக்காகக் காத்திருப்பது புத்திசாலித்தனம்.

அடுத்து, கம்பெனி விஷயம். நைக்கி ஷூக்களைத் தயாரிக்கும் தைவானின் ஃபெங் டே குழுமம் பல வருடங்களாகவே செய்யாறில் இருக்கிறது. 2022 ஆகஸ்ட்டில் தமிழ்நாடு அரசு காலணிகளுக்கென்றே தனிக் கொள்கையை வெளியிட்டது. அதற்குப் பிறகு வேகம் கூடிவிட்டது. 2023 ஏப்ரலில் தைவானின் பௌ சென் குழுமத்தைச் சேர்ந்த ஹை குளோரி நிறுவனம், உளுந்தூர்பேட்டையில் 2,302 கோடி ரூபாய் முதலீட்டுக்கு ஒப்பந்தம் போட்டது. 20,000 பேருக்கு வேலை என்றார்கள். 2024 நவம்பரில் ஜெயங்கொண்டத்தில் டீன் ஷூஸ் ஆலைக்கு முதல்வர் ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். அது 1,000 கோடி ரூபாய், 15,000 வேலை. ஒன்று கள்ளக்குறிச்சி மாவட்டம், மற்றொன்று அரியலூர் மாவட்டம். இரண்டுமே கடலூருக்குப் பக்கத்து வீடு மாதிரி.

வேலைவாய்ப்புக்கு நல்ல செய்தி. ஷூ விலைக்கு? பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பண்ருட்டிப் பலாப்பழம் பண்ருட்டியில் மலிவாகக் கிடைக்கும். ஷூ அப்படியில்லை. இந்த ஆலைகள் உலக பிராண்டுகளுக்குத் தயாரித்துக் கொடுப்பவை. விலையை முடிவு செய்வது பிராண்டுதான். உளுந்தூர்பேட்டையில் தைத்த ஷூ கப்பல் ஏறிப்போகும். உளுந்தூர்பேட்டைக் கடையில் அதற்கு ஊர்க்காரர் விலை கிடைக்காது.

சரி, உங்கள் கையில் என்ன இருக்கிறது? தினமும் 5 கிலோமீட்டர், வாரத்துக்கு 6 நாள் ஓடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 30, வருடத்துக்கு 1,560 கிலோமீட்டர். ஒரு ஜோடி 500 கிலோமீட்டர் தாங்கினால் வருடத்துக்கு மூன்று ஜோடி. அதே ஜோடியை 780 கிலோமீட்டர் வரை இழுத்துவிட்டால், இரண்டு ஜோடி போதும். ஒரு ஜோடி, அதாவது 2,100 ரூபாய் மிச்சம். வரிக்குறைப்பில் மூன்று ஜோடிக்கும் சேர்த்துக் கிடைப்பது 780 ரூபாய்தான். டெல்லி கொடுத்ததைவிட இரண்டரை மடங்குக்கும் மேலே, நீங்களே உங்களுக்குக் கொடுத்துக்கொள்ள முடியும்.

செத்துப்போவது சோல் இல்லை, நுரை!

'ஷூ எப்படியிருக்கு?' என்று கேட்டால் நாம் என்ன செய்வோம்? திருப்பி அடிப்பாகத்தைப் பார்ப்போம். கட்டை கட்டையாக டிசைன் தெரிந்தால் 'இன்னும் நல்லாத்தான்டா இருக்கு' என்போம். சைக்கிள் டயருக்கு இது சரி. ரன்னிங் ஷூவுக்குச் சரியில்லை.

ரன்னிங் ஷூவில் தரையைத் தொடுகிற ரப்பர் ஒன்று, காலைப் பிடித்திருக்கும் மேல்துணி ஒன்று. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தடிமனான நுரைதான் உயிர். பெரும்பாலும் அது ஈ.வி.ஏ என்கிற எத்திலீன் வினைல் அசிடேட். உள்ளே கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிக் காற்றறைகள். கால் இறங்கும்போது நசுங்கி, எடுக்கும்போது உப்பும்.

ஒரு கிலோமீட்டரை 6 நிமிடத்தில் ஓடுகிறவர் சுமார் 1,000 அடி எடுத்து வைப்பார். ஒரு காலுக்கு 500. தினமும் 5 கிலோமீட்டர் என்றால் ஒவ்வொரு ஷூவுக்கும் 2,500 அடி. ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு, மூன்று மடங்கு சுமை இறங்கும். 60 கிலோ எடையுள்ளவர் என்றால் 120 முதல் 180 கிலோ. 500 கிலோமீட்டர் முடியும்போது, அந்த நுரை இதை இரண்டரை லட்சம் தடவை வாங்கியிருக்கும். பாவம், அதுவும் என்னதான் செய்யும்?

அமெரிக்காவின் துலேன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1985-ல் இதை அளந்து பார்த்தார்கள். இயந்திரத்தில் பொருத்தி 'ஓடவிட்ட' ஷூக்கள், சுமார் 80 கிலோமீட்டரிலேயே அதிர்ச்சியைத் தாங்கும் திறனில் கால்வாசியை இழந்தன. 800 கிலோமீட்டரில் மிஞ்சியது 60 சதவிகிதத்துக்கும் கீழே. மனிதர்கள் நிஜமாகப் போட்டு ஓடிய ஷூக்கள் கொஞ்சம் பரவாயில்லை, அதே தூரத்தில் சுமார் 70 சதவிகிதம் மிஞ்சியது. அது அந்தக் காலத்து ஷூ, இன்றைய நுரைகள் வேறு. ஆனாலும், விஷயம் மாறவில்லை. ஷூ ஒருநாள் திடீரென்று கிழிந்து சாவதில்லை. வாங்கிய முதல் வாரத்திலிருந்தே உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது.

ஓட்டக்காரர்கள் பொதுவாகச் சொல்லும் ஆயுள் 480 முதல் 800 கிலோமீட்டர். உடல் எடை, ஓடும் விதம், தரை, ஷூவின் தரம் எல்லாம் சேர்ந்து உங்கள் ஷூ இதில் எந்தப் பக்கம் நிற்கும் என்பதை முடிவு செய்யும். 500-ஐ கீழ்க்கோடாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து மேலே தள்ளப் பார்ப்பதுதான் நம் வேலை.

கடையிலேயே தோற்றுப்போகவும் வாய்ப்பிருக்கிறது. பார்க்க ரன்னிங் ஷூ மாதிரியே இருக்கும், அடியில் ரப்பரே இருக்காது. முழுக்க நுரையையே டிசைன் போட்டு விட்டிருப்பார்கள். தார் ரோட்டில் அது அழிரப்பர் மாதிரி கரையும். குதிகாலிலும் முன்பாதத்திலும் தனியாக ரப்பர் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அடுத்து, ஷூவை இரண்டு கையாலும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் அதுவும் மடங்க வேண்டும். நட்டநடுவில் பாயைப்போல மடிந்தால் வேண்டாம். கையில் கனமாக, கட்டையாக இருந்தால் அது பி.வி.சி சோலாக இருக்கலாம், தேயாமல் நீண்ட நாள் இருக்கும். ஆனால், தேய்வதற்குப் பதிலாக உங்கள் முழங்காலுக்கு வேலை வைக்கும்.

2024 ஆகஸ்ட் 1 முதல் காலணிகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையும் நடைமுறைக்கு வந்திருக்கிறது, எனவே ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. 'ஃபர்ஸ்ட் காப்பி ப்ரோ, ஒரிஜினலுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது' என்பவரிடம் முத்திரை பற்றிக் கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்துவிடும்.

பைக், கிரிக்கெட், கல்யாண வீடு

ஷூவைச் சீக்கிரம் கொல்வது ஓட்டம் இல்லை. ஓட்டம் முடிந்த பிறகு நடப்பவைதான்.

நல்ல ஷூ என்று வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஜோடி. அதனால் அதையே போட்டுக்கொண்டு கோச்சிங் சென்டர், பஸ் ஸ்டாண்டு, மாமா வீட்டுக் கல்யாணம் எல்லாம் போவோம். தினமும் 4 கிலோமீட்டர் நடை என்றாலும் வாரத்துக்கு 28 கிலோமீட்டர். நீங்கள் ஓடுவதே 30 தான்! நடக்கும்போது ஓட்டம் அளவுக்கு அடி விழாது, உண்மை. ஆனால், குதிகால் ரப்பர் உரசுவது உரசுவதுதான். வியர்வையில் ஊறிய ஷூ காய்வதற்கு நேரம் கிடைக்காமல் போவது அதைவிட மோசம்.

பைக் இன்னொரு எதிரி. உங்கள் இடது ஷூவின் மேல்பக்கத்தை இப்போதே எடுத்துப் பாருங்கள். பெருவிரலுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு தழும்பு இருக்கிறதா? கியர் போட்டுப் போட்டு வந்தது. அந்த இடத்தில்தான் நாளைக்கு ஓட்டை விழும். அப்புறம் கிரிக்கெட், வாலிபால். ரன்னிங் ஷூ முன்னால் போவதற்காக மட்டுமே செய்யப்பட்டது. பக்கவாட்டில் சடாரென்று திரும்பி நிற்கும்போது மேல்துணியும் சோலும் சேரும் இடம் பிய்ந்துகொள்ளும். முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்துக்கும் இதைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கொட்டை ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் தோலையே புண்ணாக்கும், துணியில் பட்டால் கறையும் போகாது.

இன்னொரு பழக்கம், அவசரத்துக்கு லேஸை அவிழ்க்காமல் காலை நுழைத்து, பின்பக்கத்தை மிதித்துச் செருப்பு மாதிரி இழுத்துக்கொண்டு போவது. குதிகாலைப் பிடித்துவைக்கும் உள் அட்டை உடைந்துவிட்டால் அந்த ஷூ இனி ஓட்டத்துக்கு ஆகாது. 20 விநாடி மிச்சம் பிடிக்க 2,000 ரூபாய் கொடுக்கிறோம். அதேபோல, 'தம்பிக்கும் ஆகும்ல' என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது. உள்ளே கால் முன்னும் பின்னும் வழுக்கி, குதிகால் உள்துணி இரண்டே மாதத்தில் நைந்துபோகும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் போதும். மாலையில் கடைக்குப் போய் வாங்குங்கள், கால் கொஞ்சம் உப்பியிருக்கும் நேரம் அது. நகத்தை வெட்டிவிட்டு ஓடுங்கள், முன்னால் ஓட்டை விழுவது பாதி குறையும்.

ஆக, முதல் வேலை, ஓட்டத்துக்கு மட்டும் ஷூ. வீட்டிலிருந்து செருப்பில் போய், ஓடும் இடத்தில் மாற்றிக்கொண்டு, முடிந்ததும் கழற்றிக் கையில் எடுத்து வாருங்கள். பசங்க கிண்டல் பண்ணுவார்கள். பண்ணட்டும். அவர்கள் ஷூ பிளக்கும்போது உங்களுடையது ஓடிக்கொண்டிருக்கும்.

முடிந்தால், இரண்டாவது ஜோடியை முதல் ஜோடி சாகும் வரை காத்திருக்காமல் அதன் பாதி ஆயுளிலேயே வாங்கி, மாற்றி மாற்றிப் போடுங்கள். மொத்தக் கிலோமீட்டர் அதேதான். எனவே செலவு இரட்டிப்பு ஆகாது, இரண்டாவது செலவு கொஞ்சம் முன்னதாக வரும், அவ்வளவுதான். ஒவ்வொரு ஜோடிக்கும் நன்றாகக் காய ஒருநாள் கிடைக்கும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. லக்ஸம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனித்த ஓர் ஆய்வில், ஒன்றுக்கும் மேற்பட்ட ஷூக்களை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 39 சதவிகிதம் குறைவாக இருந்தது. பிசிக்கலுக்கு முந்தின மாதம் காயம்பட்டு உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறீர்கள் இல்லையா?

'ஷூவே இல்லாம ஓடுறவங்க இல்லையா?' என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கம் வென்றார். அடுத்து 1964 டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி, அதிலும் தங்கம்! சின்ன வயதிலிருந்தே வெறுங்காலில் பழகியவர்கள் வேறு. செலக்‌ஷனுக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுத் தார் ரோட்டில் பரிசோதனை செய்வது வேறு.

வெயில், வாளி, வாஷிங் மெஷின்

நம் ஊர் ஷூவுக்கு வியாதி கொடுப்பது இரண்டு, வெயிலும் ஈரமும்.

ஷூவைத் துவைத்து மொட்டை மாடியில், கொதிக்கிற தளத்தில் காயப்போடுவோம். சோலும் மேல்பாகமும் பசையால்தான் ஒட்டியிருக்கின்றன. சூட்டில் பசை இளகும், நுரை இறுகும். ஏப்ரல், மே மாதத்துக் கடலூர் வெயிலில் இதை நாலு தடவை செய்தால் முன்பக்கம் வாயைத் திறக்க ஆரம்பித்துவிடும். பைக்கின் பெட்டிக்குள் பகல் முழுக்கப் பூட்டி வைப்பதும் இதே கதைதான். நிழல், காற்று, முடிந்தால் ஃபேன். இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

துவைக்கும் முறையும் எளிது. லேஸையும் உள்ளே இருக்கும் இன்சோலையும் தனியே எடுத்துவிடுங்கள். காய்ந்த மண்ணை முதலில் தட்டிவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும். வாளியில் சோப்புத்தூள் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைப்பது, பிளீச்சிங் பவுடர், வெந்நீர் மூன்றும் வேண்டாம். வாஷிங் மெஷினில் போட்டுவிட்டு 'ஒண்ணும் ஆகலையே' என்பவர்கள் உண்டு. ஒருமுறையில் ஒன்றும் ஆகாது. பத்தாவது முறை ஆகும்.

ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய தலைவலி. ஷூ நனைந்தால் உள்ளே நியூஸ்பேப்பரைக் கசக்கித் திணித்து வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஈரப் பேப்பரை எடுத்துவிட்டுப் புதிதாகத் திணியுங்கள். (பேப்பர் வாங்குகிற வீடு இப்போது எங்கே இருக்கிறது என்கிறீர்களா? டீக்கடையில் நேற்றைய பேப்பரைக் கேட்டால் கொடுப்பார்கள்.) ஈரத்தோடு மறுநாள் ஓடினால் உள்துணி கிழிவதோடு காலில் கொப்புளமும் இலவசம்.

'ரொம்ப நாள் வரணும்னு பத்திரமா பெட்டியிலயே வெச்சிருக்கேன்' என்பதும் சில ஷூக்களுக்குச் சரிப்படாது. பாலியூரித்தேன் என்ற வகை சோல் இருக்கிறது. காற்றில் இருக்கும் ஈரமே அதை மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். வருடக்கணக்கில் போடாமல் வைத்திருந்து, ஒருநாள் ஆசையாக எடுத்துப் போட்டால் அடிப்பாகம் ரஸ்க் மாதிரி உதிரும். பாதி விலை, கால் விலை என்று பழைய ஸ்டாக்கை விற்கும்போது பெட்டியில் இருக்கும் தயாரிப்பு மாதத்தையும் வருடத்தையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை. முத்தாண்டிக்குப்பம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி, செம்மண் பாதை. தாரைவிட மெத்தென்று இருக்கும், நுரைக்கும் முழங்காலுக்கும் நல்லது. சரளைக்கல் துருத்திக்கொண்டிருக்கும் இடத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சாலையில்தான் ஓட வேண்டும் என்றால் ஓரத்துச் சரிவை கவனியுங்கள். மழைத்தண்ணீர் வழிய சாலையை இரண்டு பக்கமும் சரித்துத்தான் போட்டிருப்பார்கள். எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு ஷூ மட்டும் ஒரு பக்கமாகத் தேயும். சரிவில்லாத உள்சாலை கிடைத்தால் அதுதான் நல்லது. விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நெடுஞ்சாலைப் பக்கமே போகாதீர்கள், அது ஷூ ஆயுள் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடலூர் சில்வர் பீச்சில் ஓடிவிட்டு வந்தால், ஷூவைத் தட்டி மணலை எடுத்து, நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். உள்ளே தங்கும் மணல் உப்புத்தாள் மாதிரி துணியை அறுக்கும்.

தைக்கலாமா, ஒட்டலாமா?

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் குடையை விரித்து உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைப்பவரிடம் ரன்னிங் ஷூவை எடுத்துப்போகத் தயங்குகிறோம். 'இதெல்லாம் அவருக்கு எங்கே தெரியும்' என்று ஒரு நினைப்பு. தப்பு. முன்பக்கம் பிளந்தால், பெரிதாகும் முன்னால் அவரிடம் கொடுத்து ஒட்டினால் அது நன்றாகவே நிற்கும். இரண்டு பக்கமும் மண் இல்லாமல் சுத்தம் செய்து, பசை தடவி, சற்று உலரவிட்டு, அழுத்தி ஒட்டிவிட்டு ஒருநாள் போடாமல் வைக்க வேண்டும். குதிகாலின் உள்துணி கிழிந்தால் சின்னத் தோல் துண்டு வைத்துத் தைத்துக் கொடுப்பார். மேல்துணி ஓட்டைக்கும் அப்படியே.

சோலைச் சுற்றி முழுவதுமாகத் தையல் போடுவதாகச் சொன்னால் மட்டும் யோசியுங்கள். தோல் ஷூவுக்கு அது பலம். ரன்னிங் ஷூவில் ஊசி நுரையைக் குத்திக்கொண்டு போகும், வளைய வேண்டிய இடமும் விறைக்கும். முன்மூக்கில் நாலு தையல் போதும். உள்ளே போடும் இன்சோலைப் புதிதாக மாற்றினால் காலுக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால், செத்துப்போன நுரைக்கு அது உயிர் கொடுக்காது.

பழுது பார்ப்பதை ஒரு பெரிய விஷயமாக மற்ற நாடுகள் பார்க்க ஆரம்பித்துவிட்டன. பிரான்ஸ் 2023-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. துணியோ ஷூவோ கிழிந்தால், தூக்கிப்போடாமல் கடையில் சரி செய்துகொள்பவர்களுக்கு பில்லில் 6 யூரோ முதல் 25 யூரோ வரை கழிவு. ஷூவின் குதிக்கட்டை மாற்றினால் 7 யூரோ. நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகளோடு ஆரம்பித்தார்கள். காலணி அதில் இல்லை. 2,302 கோடியில் ஷூ ஆலை வருவதற்கு மாநிலமே சிவப்புக் கம்பளம் விரிக்கிறது. அந்த ஷூவை இன்னும் மூன்று மாதம் ஓடவைக்கத் தெரிந்தவருக்கு வெயிலில் ஒரு குடைதான் மிச்சம். இந்த 20,000, 15,000 வேலைகளுக்குக் கொடுக்கும் பயிற்சியில் ஒரு சின்னப் பங்கை, நவீன ஷூக்களைப் பழுது பார்க்க இவர்களுக்குக் கொடுத்தால் என்ன என்ற கேள்வியை எந்தத் தொழில்துறை விழாவிலும் யாரும் கேட்பதில்லை.

இது காசு சம்பந்தப்பட்டது மட்டுமில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி ஆய்வாளர்கள் 2013-ல் ஒரு ஜோடி ரன்னிங் ஷூவைப் பிரித்து மேய்ந்தார்கள். 65 பாகங்கள், 360 தயாரிப்புப் படிகள், ஒரு ஜோடிக்குச் சுமார் 14 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. அதில் பெரும்பகுதி, நீங்கள் ஷூவைப் போடுவதற்கு முன்பே, ஆலையிலேயே வெளியேறிவிடுகிறது. இத்தனை பாகங்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பதால் பிரித்து மறுசுழற்சி செய்வதும் கஷ்டம்.

எப்போது விட வேண்டும்?

இழுத்துப் பிடிப்பதற்கும் ஓர் அளவு உண்டு. நுரையின் பக்கவாட்டில் குறுக்குக் கோடுகள், சுருக்கங்கள் ஆழமாகத் தெரிகின்றனவா? கட்டைவிரலால் அழுத்தினால் கல் மாதிரி இருக்கிறதா? இரண்டு ஷூவையும் மேஜைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால், நீங்களும் அதே சாய்வில்தான் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். அடி ரப்பர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை ஓட்டத்திலிருந்து ஓய்வு பெறவிடுங்கள். கோச்சிங்குக்கும் கடைத்தெருவுக்கும் தோப்பு வேலைக்கும் அது இன்னும் ஒரு வருடம் வரும்.

முன்னங்கால் எலும்பை ஒட்டி வலி வந்தால், எல்லாப் பழியையும் ஷூமேல் போடாதீர்கள். ஒரே வாரத்தில் ஓடும் தூரத்தை இரண்டு மடங்காக்கியிருந்தால் புது ஷூவும் காப்பாற்றாது. ஓய்வு எடுத்தும் வலி குறையவில்லை என்றாலோ, ஒரே இடத்தில் தொட்டால் சுரீரென்றாலோ டாக்டரைப் பாருங்கள். எலும்பில் மெல்லிய விரிசல் விழுந்திருக்கலாம், அதோடு ஓடினால் பிசிக்கல் மட்டுமில்லை, அடுத்த வருடமும் போகும்.

இன்று புது ஷூ வாங்குகிறீர்கள் என்றால், நாக்குப் பட்டையின் உள்பக்கம் மார்க்கரில் தேதியை எழுதிவிடுங்கள். போனில் ஒரு நோட்ஸ் திறந்து தினமும் ஓடிய தூரத்தைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். ஓட்டம் அளக்கும் செயலி வைத்திருப்பவர்களுக்கு அதிலேயே ஷூவைச் சேர்க்கும் வசதி இருக்கும். பிசிக்கல் தேதி வந்ததும் அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அந்த நாளில் உங்கள் ஷூ 500-ஐத் தாண்டியிருக்கும் என்றால், புது ஜோடியைத் தேர்வுக்கு முந்தின நாள் வாங்காதீர்கள். மூன்று வாரம் முன்னாடியே வாங்கி, முதல் வாரம் ஒருநாள்விட்டு ஒருநாள் 2 கிலோமீட்டர் மட்டும் ஓடிப் பழக்குங்கள். லேஸ் முடிச்சை இரண்டாகப் போட மறக்காதீர்கள், 1,500 மீட்டரில் குனிந்து கட்ட நேரம் கிடையாது.